சரக்கைப் பாதியில் வைக்கிறவன்

நன்றி சொல்ல வந்திருப்பதாகத்தான் அவள் சொன்னாள். சொன்ன தோரணையில், மண்டி வாசலில் அழுகல் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

“இங்க தணிகாசலம்னா யாரு? மு. தணிகாசலம். போன்லயே நன்றி சொல்லலாம்னு போட்டிருக்கு. அது மரியாதையா இருக்காது, மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்.”

தணிகாசலம் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். முதுகில் ஐம்பது கிலோ நாசிக் வெங்காயம். இருபத்தாறு வருஷமாக அதே முதுகு. கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை. மூட்டையைக் கொண்டுபோய், அடுக்கியிருந்த அட்டியின் மேல் சேர்த்து, கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் வந்தான். சரக்கு தோளில் இருக்கும்போது எமனே கூப்பிட்டாலும் அவன் அப்படித்தான்.

சக்கர நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோள் இரண்டும் படகு தள்ளுகிறவன் தோள்போல இருந்தன. கால் இரண்டும் விளக்குமாற்றுக் குச்சி. நகக்கண்களில் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருந்தது. லாரிகள் உள்ளே வரும் தடத்தின் நடுவில் நாற்காலியை நிறுத்தியிருந்தாள். தெரிந்தேதான் நிறுத்தியிருந்தாள்.

“நான்தான். இன்னா?”

“நீதானா.” மேலும் கீழும் பார்த்தாள். “என் பேரு ஜெசிந்தா. பின்னால வலைக்காரர் சந்துல இருக்கேன். இதப் படி.”

“கண்ணாடி எடுத்துகினு வரல.”

“அப்போ அந்தத் தடியன் படிக்கட்டும்.”

பக்கத்தில் நின்ற டில்லியிடம் போனை நீட்டினாள். டில்லி தணிகாசலத்தின் ஜோடி. ஒரு மூட்டைக்கு இரண்டு பேர் வேண்டுமென்றால் இவர்கள் இரண்டு பேரும்தான். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“பள்ளத்துத் தெரு சுரங்கப்பாதை. சக்கர நாற்காலியில் தனியாகச் செல்லத்தக்கது. இந்தப் பாதையை உங்களுக்காகச் சரிபார்த்தவர்கள், மு. தணிகாசலம் மற்றும் பதின்மூன்று பேர். நன்றி சொல்ல இங்கே தொடவும்.” படித்து முடித்ததும் டில்லிக்கு வாயெல்லாம் பல். “அண்ணாத்த, உன் பேரு பிரிண்ட்ல வந்திருக்கு!”

“எறங்க பதினோரு படி,” என்றாள் ஜெசிந்தா. “ஏற பதினோரு படி. நடுவுல சாக்கடைத் தண்ணி. அதுல நாப்பது வாட்டி வீல்சேரைத் தள்ளிகினு போயிருக்கீங்க. ஒரு வாட்டி கூட முட்டல, குலுங்கல. எப்பிடிய்யா? றெக்க கட்டிகினு பறந்தீங்களா?”

“பறக்கறதா? தூக்கிகினு போனோம்,” என்றான் டில்லி.

சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாம் எந்தெந்தத் தெருவில் தனியாகப் போய்வர முடியும் என்பதை நகரத்து ஜனங்களே அளந்து சொல்ல வேண்டும். அதற்கு ‘சமவழி’ என்று ஒரு செயலி. வயது வந்த எவனும் வருஷத்துக்கு இருபது மணி நேரம் அதற்கு உழைத்தாக வேண்டும். உழைக்காவிட்டால் ஆட்டோக்காரனுக்கு லைசென்ஸ் இல்லை, கடைக்காரனுக்குப் பர்மிட் இல்லை, மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்குக் கையில் கட்டும் உரிம வில்லை இல்லை. நடமாட்ட ஆணையம் ஒரு சக்கர நாற்காலி தரும். ஆளுக்குப் பதிலாக அறுபது கிலோ மணல் மூட்டையை அதில் வாரால் கட்டியிருப்பார்கள். கைப்பிடியில் போனை மாட்டிக்கொண்டு, சொன்ன தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். குலுக்கல், சரிவு, நின்ற நேரம் எல்லாவற்றையும் போன் தானே எழுதிக்கொள்ளும். போக முடியாத இடம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நாற்காலியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தச் சொன்னது மண்டிக்காரர்கள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த தொழில் வேறு. அறுபது கிலோ மூட்டையை ஒரு கோடியில் எடுத்தால் மறு கோடியில் இறக்கியாக வேண்டும். சரக்கைப் பாதியில் வைக்கிறவனோடு மறுநாள் எவனும் ஜோடி சேர மாட்டான். தக்காளிப் பெட்டியைத் தொப்பென்று போடுகிறவனுக்கு ‘இடி’ என்று பட்டப்பெயர் விழும். பாடையில் போகும்வரை அது கூடவே வரும். அதனால் பதினான்கு பேரும் மூன்றே பகலில் வார்டு முழுவதையும் முடித்தார்கள். படி வந்த இடத்தில் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து, தம் கட்டி, முட்டைத் தட்டு மாதிரி அலுங்காமல் இறக்கினார்கள், அலுங்காமல் ஏற்றினார்கள். சிவப்புப் பொத்தான் புதுக் கருக்கு அழியாமல் ஆணையத்துக்குத் திரும்பிப் போயிற்று.

“அதுக்கு இன்னா இப்போ?” என்றான் தணிகாசலம். “வேலை குடுத்தானுங்க, ஒழுங்கா செஞ்சோம். ஒழுங்கா செஞ்சது குத்தமா?”

“தெனம் காலையில ஒன்பது மணிக்கு ஆணையத்து வண்டி வரும். மேம்பாலத்தைச் சுத்தி அந்தப் பக்கம் விடும். சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து விடும். பல்செட் பண்ற கம்பெனியில வேலை எனக்கு. முந்தாநாள் போன்ல வருது, ‘வாழ்த்துகள், உங்கள் பாதை பச்சையானது, இனி நீங்கள் சுதந்திரமாகச் செல்லலாம்’னு. பச்சை ஆனவங்களுக்கு வண்டி கெடையாதாம். சாய்தளம் கட்டறதுக்குச் சுரங்கப்பாதை வாசல்ல ஜல்லி கொட்டி வெச்சிருந்தான் பாரு, அதையும் அள்ளிகினு பூட்டான். ரெண்டு நாளு லீவு ஆச்சு. நாலு நாளு ஆச்சுன்னா மொதலாளி பேரை அடிச்சிடுவான். அந்த நாற்காலிக்குக் காலு உள்ளவளுங்க ஒன்பது பேரு காத்துகினு இருக்காளுங்க.”

“அவ்ளோதானேக்கா?” என்றான் டில்லி. “தெனம் வா. நாங்க தூக்கி விடறோம்.”

ஜெசிந்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“தூக்குவ. நாளைக்குத் தூக்குவ. மறாநாளு லோடு வந்துட்டா? குடிச்சிட்டுக் கவுந்துட்டா? என்னை எத்தினி பேரு தூக்கியிருக்கான்னு தெரியுமாடா உனுக்கு? தூக்கறவன் கை எங்கெங்க போவும்னு தெரியுமா?”

வெங்காயம் பொறுக்குகிறவர்களில் ஒருத்தி “அப்பிடிச் சொல்லு,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி ஜெசிந்தாவின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். அவள் அவனுடைய பரம்பரையை இழுத்து நாலு வார்த்தை சொன்னாள். நாற்காலி நகரவில்லை.

“ஆபீசுக்கு வா,” என்றாள் தணிகாசலத்திடம். “வந்து, தூக்கினோம்னு சொல்லு. சொல்ற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். லோடு எப்பிடி எறங்குதுன்னு பாக்கறேன். என்னைத் தூக்கி ஓரமா வைக்கலாம்னு மட்டும் வந்துடாத, கையக் கடிச்சுத் துண்டாக்கிடுவேன். பல்லப் பத்தி எனக்குத் தெரியும்.”

பின்னால் மூன்றாவது லாரியும் வந்து நின்ற பிறகு தணிகாசலம் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

ஆணையத்தின் வார்டு ஆபீஸ் வாசலில் சாய்தளம் வழுவழுவென்று இருந்தது. ஜெசிந்தா ஒரே வீச்சில் மேலே போனாள். உள்ளே இருந்த அதிகாரி நிவேதனுக்கு இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. எழுந்து நின்று வரவேற்றான். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே தணிகாசலத்துக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுகிற ஆபீசரிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியும்.

நிவேதன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“பாருங்க, யாராவது சாதாரணமா நாற்காலியைப் படியில இறக்கினா கோடு இப்படி வரும். ரம்பம் மாதிரி. இது உங்க ஆளுங்களோடது.” திரையில் ஒரே ஒரு வளைவு, கீழே இறங்கி, ஓடி, மேலே ஏறியது. “எண்ணெய் வழிஞ்ச மாதிரி இருக்கு. சிமென்ட் சாய்தளத்துல கூட இவ்வளவு சுத்தமா வராது. போன மாசக் கூட்டத்துல நகரத்துக்கே மாதிரிப் பதிவுன்னு இதைத்தான் காட்டினோம்.”

தணிகாசலத்தின் நெஞ்சு ஒரு விரல்கடை நிமிர்ந்தது. அதை ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

“பெருமை வேற,” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏன் சார், ஒரு கேமரா வெச்சிருந்தா தெரிஞ்சிருக்காதா?” என்று ஜெசிந்தா நிவேதனைக் கேட்டாள்.

“தெருவுல போறவங்க முகத்தைப் பதியக் கூடாது மேடம். அது வேற சட்டம்.”

“எட்டு நிமிஷ நடை. நீயே நடந்து வந்து படியைப் பாக்கறது?”

“பார்த்தேன் மேடம். நேத்தே போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு படி இருக்கு.” அவன் சங்கடப்பட்டான். “ஆனா நான் பார்த்ததுக்கு மதிப்பு கிடையாது. முன்னாடி அதிகாரிங்க ரூமுக்குள்ள உக்காந்து இஷ்டத்துக்கு எழுதினாங்கன்னுதான் இந்தச் சட்டமே வந்துச்சு. மக்கள் பதிவைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. மக்கள்தான் திருத்தணும்.”

“அப்போ இவரு திருத்தட்டும். நாங்க தூக்கினோம்னு எழுதிக் குடுக்கச் சொல்லு.”

“குடுக்கலாம். அது பொய்ப்பதிவுன்னு ஆகும். பதினாலு பேர் வில்லையும் மூணு வருஷத்துக்கு ரத்து.”

ஜெசிந்தா மேஜையிலிருந்த காகிதத்தைத் தணிகாசலத்தின் பக்கம் தள்ளினாள்.

“எழுது,” என்றாள் ஜெசிந்தா.

“பதினாலு குடும்பம்மே.”

“என் வீட்ல நான் ஒருத்திதான். எண்ணிக்கையில சின்னதா தெரியுதா உனுக்கு?”

தணிகாசலம் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை, அது அவளுக்கும் தெரிந்தது. நிவேதன்தான் இன்னொரு வழி சொன்னான். மறுசோதனை. நாற்காலியில் மணல் மூட்டைக்குப் பதிலாக அவளே உட்கார வேண்டும். முதலில் பதிந்தவர் கூட வரவேண்டும். மறுசோதனையில் சிவப்புப் பொத்தான் செல்லாது; ஓரிடத்தில் முப்பது நிமிஷம் நகராமல் நின்றால்தான் தடை என்று பதியும்.

“முப்பது நிமிஷமா? வெயில்லயா?”

“டீ குடிக்க நிக்கறவங்களை எல்லாம் தடைன்னு எழுதிடக் கூடாது இல்லையா. ரெண்டு தடவை வாய்ப்பு உண்டு. ஒரு தடவை சிவப்பு விழுந்தாலும் உங்களுக்கு அன்னிக்கே வண்டி வந்துடும். பழைய பதிவை ‘நிலவரம் மாறியது’ன்னு மூடிடுவோம், இவங்க வில்லைக்கும் ஆபத்து இல்லை. ஒண்ணே ஒண்ணு. சோதனைன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா ஜனங்க நடந்துக்கற விதம் மாறிடும், பதிவு செல்லாது. நான் எதிர்ல நிப்பேன். தலையிட மாட்டேன்.”

மறுநாள் பதினோரு மணி. வேலைக்கு லீவு விழுந்த மூன்றாவது நாள்.

ரயில் பாதைக்கு மதில் எழுப்பிய பிறகு அந்தப் பக்கம் நடந்து போக எல்லோருக்கும் அந்தச் சுரங்கப்பாதை ஒன்றுதான். ஜனம் ஓயாமல் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தது. ஜெசிந்தா முதல் படியின் விளிம்பில் நாற்காலியை நிறுத்தினாள். தணிகாசலம் ஐந்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நிவேதன் எதிர்ப்பக்கம் இளநீர்க்கடை நிழலில் நின்றான்.

மூன்றாவது நிமிஷம் ஒரு பூக்காரி வந்தாள். “எறங்கணுமாம்மா?”

“வேணாம். சும்மா நிக்கறேன்.”

ஐந்தாவது நிமிஷம் டை கட்டிய ஒருவர். எட்டாவது நிமிஷம் இரண்டு கொரியர்காரர்கள். வேண்டாம், வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, கூச்சப்படுகிறாள் என்றே நினைத்தார்கள். தணிகாசலத்தைப் பார்த்து, “நல்லா கடோத்கஜன் மாதிரி நிக்கறியே, ஒரு கை புடிச்சா இன்னா?” என்று பூக்காரி கேட்டாள். அவன் ஆகாயத்தைப் பார்த்தான்.

“புடிங்க சார். நீங்க அந்தச் சக்கரம்,” என்றான் ஒரு கொரியர்காரன்.

“விடுங்கய்யா! வேணாங்கறேன்ல?”

“பயப்படாதீங்க சிஸ்டர், போட மாட்டோம்.”

“விடுடா நாயே!”

ஆறு கைகள் நாற்காலியைத் தூக்கிவிட்டன. ஜெசிந்தா டை கட்டியவரின் முகத்தில் அறைந்தாள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். தொழில் தெரியாத கைகள். ஒவ்வொரு படியிலும் டங்கு டங்கு என்று இடித்தார்கள். ஒருத்தன் கை அவள் இடுப்பில் ஊன்றியது. தணிகாசலம் பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் பிடித்த பிடி தப்பு, பின்சக்கரத்துக்கு மேலே பிடிக்க வேண்டும் என்று அவன் உடம்பு முழுவதும் சொல்லிற்று. சாக்கடைத் தண்ணீரைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏற்றி வைத்துவிட்டு, மூச்சு வாங்க வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கொரியர்காரன் அவளோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டான்.

பின்னாலேயே வந்து சேர்ந்த நிவேதன் போனைப் பார்த்து உதட்டைக் கடித்தான். “குலுங்கியிருக்கு. ஆனா போய்ச் சேர்ந்துடுச்சு. மஞ்சள். மஞ்சளுக்கும் வண்டி கிடையாது மேடம்.”

பத்து மணிக்கு மேல் கம்பெனியில் விட மாட்டார்கள். அவள் திரும்பி வரவேண்டியிருந்தது. திரும்பத் தூக்குவதற்கும் தயாராக வேறு நாலு நல்லவர்கள் வந்தார்கள்.

வலைக்காரர் சந்து முனையில் அவள் நின்றாள். அவிழ்ந்த தலைமுடியை முடிந்துகொண்டு, நாற்காலியைத் திருப்பி, தணிகாசலத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“நாளைக்கு நாலாவது நாளு. ஒருத்தனும் என்கிட்ட வரக் கூடாது. அரை மணி நேரம். உன்னால முடியுமா? இல்ல, தூக்க மட்டும்தான் தெரியுமா?”

“உனுக்கு ஒத்தாசை பண்றவன்கிட்ட நல்லாப் பேசவே தெரியாதா?”

“நீ ஒத்தாசையா பண்ற? உன் வில்லைக்கு வர்ற.”

அது உண்மைதான்.

மறுநாள் பதினான்கு பேரும் வந்தார்கள். மண்டியில் லோடு நின்றது; முதலாளி கத்தினான். சுரங்கப்பாதை வாசலில், முதல் படி விளிம்பில் இருந்த நாற்காலியைச் சுற்றி முதுகைக் காட்டி வட்டம் கட்டி நின்றார்கள். எல்லோர் கையிலும் மூட்டைக் கொக்கி இருந்தது. அது எப்போதும் கையில் இருப்பதுதான். ஆனால் கொக்கியோடு பதினான்கு பேர் ஒரு பெண்ணைச் சுற்றி நின்றால் பார்க்கிறவனுக்கு அது வேறு மாதிரி தெரியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

“ஏம்பா, அந்தம்மா எறங்கணும்போல இருக்கு,” என்றார் படியிறங்க வந்த ஒருவர்.

“ஒண்ணும் வேணாம். போ.”

“அவங்களைச் சொல்லச் சொல்லு.”

“வேணாம்!” என்று ஜெசிந்தா உள்ளேயிருந்து கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டத்துக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

பத்தாவது நிமிஷம் ஐம்பது பேர் சேர்ந்தார்கள். பதினைந்தாவது நிமிஷம் படி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நேற்றைய பூக்காரி முன்னால் வந்து தணிகாசலத்தை அடையாளம் கண்டுகொண்டாள். “இவந்தான்! நேத்தும் இவன்தான் கல்லு மாதிரி நின்னான். நீயெல்லாம் அக்கா தங்கச்சிகூடப் பொறந்தவனாடா, பேமானி?”

“பொறந்தேன்,” என்றான் தணிகாசலம். “தள்ளி நில்லு.”

வெயில் தலையில் இறங்கியது. ஜெசிந்தாவின் முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. டில்லி தன் துண்டை நனைத்து நீட்டினான். அவள் தட்டிவிட்டாள், கூட்டம் அதையும் பார்த்தது. ஓர் ஆள் பாய்ந்து தணிகாசலத்தின் கன்னத்தில் அறைந்தான். மூட்டை தூக்குகிற நாய்க்கு என்ன திமிர் என்று கேட்டான். இருபத்தாறு வருஷத்தில் அவனை அறைந்தவன் எவனும் சும்மா போனதில்லை. தணிகாசலம் கொக்கியைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டான். கையை உயர்த்தினால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் நாற்காலியை நகர்த்துவார்கள்.

இருபத்தாறாவது நிமிஷம் எங்கிருந்தோ இளநீர்க் கூடு ஒன்று வந்து டில்லியின் நெற்றியில் விழுந்தது. ரத்தம் மூக்கில் வழிந்தது. டில்லி நகரவில்லை.

“எத்தினிம்மே?” என்று கேட்டான், திரும்பாமல்.

“இன்னும் நாலு,” என்றாள் ஜெசிந்தா. பிறகு, “தலையத் தூக்கி வெச்சுக்கோடா, கண்ணுல எறங்குது,” என்றாள். அவள் அவர்களிடம் பேசியதில் வசவு இல்லாத வார்த்தை அது ஒன்றுதான்.

நாற்காலிக் கைப்பிடியில் இருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. திரை சிவந்தது.

அதே நொடியில் அங்கே நின்ற அத்தனை பேர் கையிலும் போன்கள் அதிர்ந்தன. ‘உங்கள் அருகே ஒரு தடை பதிவாகியுள்ளது. தடைக்குக் காரணம் என்ன? படி. குழி. தேங்கிய நீர். நபர்கள். ஒன்றைத் தொடவும். உங்கள் பங்களிப்புக்கு நன்றி.’

கூட்டம் ஆத்திரத்தோடு தொட்டது.

நிவேதன் முடிவை ஆபீசில் வைத்துப் படித்தான். படித்த பிறகும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சிவப்பு உறுதி ஆயிடுச்சு. இன்னிக்கு மதியத்துலேர்ந்தே உங்களுக்கு வண்டி உண்டு மேடம். கம்பெனிக்கும் நானே பேசிட்டேன், அரை நாள் போட்டுக்கறாங்க.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?”

“காரணம்.” அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். “தொண்ணூத்தி மூணு பேர் ‘நபர்கள்’னு போட்டிருக்காங்க. ‘படி’ன்னு போட்டது ஒரே ஒருத்தர்.”

“அது நான்,” என்றாள் ஜெசிந்தா.

“காரணம் படின்னு வந்திருந்தா சாய்தளத்துக்கு உத்தரவு போயிருக்கும். நபர்கள்னா நபர்களை அகற்றணும். போலீஸுக்குக் கடிதம் போகும். அகற்றியாச்சுன்னு ஆனதும் வேற குடிமக்கள் வந்து சோதிப்பாங்க. யாரும் வழிமறிக்காம நாப்பது நல்ல பதிவு விழுந்தா மறுபடியும் பச்சை.”

“நல்ல பதிவு எப்பிடி விழும்? படி அப்பிடியேதானே இருக்கு?”

“யாராவது தூக்கி விடுவாங்க மேடம்,” என்றான் நிவேதன். அவன் கேலி செய்யவில்லை. நேற்று இளநீர்க்கடை நிழலில் நின்று பார்த்ததைத்தான் சொன்னான்.

தணிகாசலம் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டான். “வில்லை?”

“அதுக்கு ஒண்ணும் இல்லை. தடையா இருக்கறது குத்தம் இல்லை. அகற்ற வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.”

“போலீசு வந்தா இன்னா பண்ணும்?”

“நகரச் சொல்லுவாங்க.”

“நகந்துட்டு, அவங்க போனதும் திரும்ப வந்து நின்னா?”

நிவேதன் விதிப் புத்தகத்தைத் திரையில் தேடினான். வெகுநேரம் தேடினான்.

“அதைப் பத்தி எதுவும் போடலை,” என்றான்.

ஜெசிந்தா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது; ஏறிப் போய்விட்டாள்.

போலீஸ் இரண்டு தடவை வந்தது. மண்டி ஆட்கள் நகர்ந்து நின்று, போலீஸ் போனதும் திரும்ப வந்தார்கள். ஆணையம் மணல் மூட்டை நாற்காலிகளை அனுப்புவது காலை பத்திலிருந்து ஒன்று வரை. அந்த மூன்று மணி நேரமும் சுரங்கப்பாதை வாசலில் ஒருவராவது நிற்பது என்று மண்டியில் முறை போட்டுக்கொண்டார்கள். தானாக இறங்குகிற நாற்காலி எதுவும் வரப்போவதில்லை. தூக்கிக்கொண்டு இறங்கினால் பச்சை விழும், அதைத்தான் விடக் கூடாது. ஏன் நிற்கிறார்கள் என்று யாரிடமும் சொல்ல வழியில்லை. சொன்னால் பதிவு செல்லாது. வாட்ஸப்பில் அவர்கள் படம் ஓடியது. தணிகாசலத்தின் பெண்டாட்டியிடம் ரேஷன் வரிசையில், “உன் வீட்டுக்காரர்தானே நொண்டிப் பொம்பளையை மறிச்ச ரவுடி?” என்று கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. காலை ஒன்பதுக்கு மண்டி வாசலைத் தாண்டிப் போகும் ஆணையத்து வண்டியில், கண்ணாடிக்குப் பின்னால், ஜெசிந்தா இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

பன்னிரண்டாவது நாள் ஒரு பெரியவர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைப் பையில் பேனா இருந்தது. மணல் மூட்டை நாற்காலியை இரண்டு தெரு தள்ளிக்கொண்டு வந்ததிலேயே அவருக்கு இளைத்திருந்தது. முதல் படியைப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தின் தோளைப் பார்த்தார்.

“தம்பி, ஒரு கை குடுப்பா. கீழ எறக்கி விட்டுட்டா போதும்.”

“முடியாது சார்.”

“உனக்கு இது ஒரு கனமா?”

“கனம் இல்ல சார். முடியாது.”

பெரியவர் வம்புக்கு நிற்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தானே குனிந்து நாற்காலியைப் பிடித்தார். தப்பான பிடி. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் ஆடின. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு அங்குலம் போனால் மூட்டையும் அவரும் சேர்ந்தே உருளுவார்கள். தணிகாசலத்தின் இரண்டு கைகளும் தாமாக இடுப்புயரம் வரை வந்துவிட்டன. விரல் விரிந்துவிட்டது. அவன் கையை அக்குளில் செருகிக்கொண்டு, வலது காலைத் தூக்கி, பின்சக்கரத்தின் மேல் வைத்து மிதித்தான். நாற்காலி விளிம்பில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

“காலை எடுய்யா!”

“எடுக்க மாட்டேன்.”

“மனுஷனாய்யா நீ?”

“இல்ல சார். நான் தடை. ரெக்கார்டுல போட்டிருக்கு. செவப்புப் பட்டனை அமுத்துங்க.”

பெரியவர் கையை விட்டு நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தார், போகிறவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினார். காரணம் கேட்டு அவர் போன் அதிர்ந்தது. ‘நபர்கள்’ என்பதைத் தொட்டுவிட்டு, தணிகாசலத்தின் முகத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறவர்போல ஒருமுறை பார்த்தார்.

திரை சிவந்த பிறகு தணிகாசலம் காலை எடுத்தான்.